இரண்டில் தொடங்கும் லிஸ்ட்

சுகந்தி எழுதும் மளிகை லிஸ்ட் ஒன்றில் தொடங்காது. இரண்டில் தொடங்கும்.

உத்தரகோசமங்கையைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு ஊர்களில் கல்யாணமோ சடங்கோ காதுகுத்தோ கருமாதியோ எது வந்தாலும், இத்தனை பேர் சாப்பாட்டுக்கு இன்னின்ன சாமான் இவ்வளவு வேண்டும் என்று எழுதித் தருகிறவள் அவள்தான். வயது நாற்பத்தாறு. பகலில் மிளகாய்க்காட்டில் பழம் பறிக்கும் வேலை. பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் லகர ளகரம் பிசகாது. கோடு போட்ட தாளை எடுப்பாள், முதல் வரியை விட்டுவிடுவாள், இரண்டு என்று எண் போட்டுத் துவரம்பருப்பில் ஆரம்பிப்பாள். அந்தக் காலி வரியின் வலது ஓரத்தில் மட்டும் '1 கிலோ' என்று எழுதியிருக்கும். எது ஒரு கிலோ என்று எழுத அவளுக்கு அனுமதி இல்லை.

அது மஞ்சள். நல்ல காரியத்துக்கான லிஸ்ட் மஞ்சளில்தான் தொடங்க வேண்டும். அதையும் ஒரு சுமங்கலியின் கைதான் எழுத வேண்டும். சுகந்தியின் கணவன் கூத்தையா பதினான்கு வருடங்களுக்கு முன் கண்மாய்க்கரையில் டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போனான். டிராக்டரின் பிரேக் பிடிக்காமல் போனதற்கும் மஞ்சள் என்கிற நாலெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பார்கள். இந்த நாட்டில் எழுதப்பட்ட சாஸ்திரங்களை எல்லாம் கரையான் தின்றாலும் 'அது அப்படித்தான்' மட்டும் அழியாது. அளவை அவள் எழுதலாமாம். கிலோவுக்குத் தீட்டு இல்லை.

கருமாதி லிஸ்டை மட்டும் அவள் ஒன்றிலிருந்தே எழுதலாம். செத்தவருக்கு அதற்கு மேல் என்ன கெட்டுவிடப் போகிறது!

தன் மகள் ஜோதிகாவின் கல்யாண லிஸ்டையாவது ஒன்றிலிருந்து எழுதிவிட வேண்டும் என்பது சுகந்தியின் நெடுநாள் ஆசை. மஞ்சள் என்று ஒரு சொல். அதற்கு அவள் பட்ட பாடு ஒரு மனு கலெக்டர் ஆபீசில் படும் பாட்டுக்குக் குறைந்ததல்ல.

அவள் எழுதிய முதல் லிஸ்ட் கணவனின் பதினாறாம் நாளுக்கு எழுதியது. சமையல்காரர் சொல்லச் சொல்ல, பங்காளி ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சாமானுக்கும் பேனா நின்றது. மூலையில் தலைவிரி கோலமாகக் கிடந்த சுகந்தி விம்மலுக்கு நடுவே தலையைத் தூக்கினாள்.

"பெருங்காயத்த விட்டுட்டீகண்ணே."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பளத்துக்குக் குண்டு 'ள'. நீங்க ஒத்த 'ல' போட்டிருக்கீக."

செத்தவனின் அக்கா உலகம்மாள் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள். "என் தம்பிக்குப் பெருங்காயம் இல்லாமச் சாம்பார் வைக்கவாடா பாத்தீக? பேனாவ அவகிட்டக் குடுங்கடா!" என்று கத்திவிட்டு, விட்ட அடியிலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

அழுதுகொண்டே எழுதிய அந்த லிஸ்ட் முக்குரோட்டில் இருக்கும் சதக்கின் மளிகைக் கடைக்குப் போனது. சதக் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "முப்பது வருசத்துல, ஆள விட்டு மறுபடி கேக்காம நான் கட்டுன மொத லிஸ்டு இதான்" என்று ஊரெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து அவள் லிஸ்ட் சுகந்தி.

அவள் கணக்கு பள்ளிக்கூடத்துக் கணக்கு அல்ல. மாப்பிள்ளை வீட்டார் நூறு பேர் வருவோம் என்றால் நூற்று நாற்பது என்று வைத்துக்கொள்வாள். பெண் வீட்டார் ஐந்நூறு என்று பெருமை பேசினால் நானூறு. முந்திரிப் பருப்பில் அரைக் கிலோ எப்போதும் கூடுதல். அது தாய்மாமன்களின் சட்டைப் பைக்கு. நெய்யில் ஒரு டின் அடுப்புக்குப் போகாமல் யார் வீட்டுப் பரணுக்குப் போகும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். "களவுக்கும் சேத்து எழுதுனாத்தான் பந்தியில கொறையாது" என்பாள். திட்டம் போடுகிற அதிகாரிகள் யாரும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசி நான் கேட்டதில்லை.

முதல் வரிக்கு நிரந்தரமாக வாய்த்தவள் உலகம்மாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கழுத்தில் தாலி இருந்தது. சுகந்தி அவளை உட்காரவைத்து, கோலம் போடக் கற்றுக்கொடுப்பதுபோல 'மஞ்சள்' என்ற ஒரே சொல்லைக் கற்றுக்கொடுத்தாள். ஞ வுக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. இப்படியாக, சுகந்தி எழுதக்கூடாத ஒரே சொல் உலகம்மாளுக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல்லாயிற்று. உலகம்மாளின் கணவன் மர வேலைக்கென்று கேரளாவுக்குப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. கொல்லத்தில் வேறொருத்தியோடு இருப்பதாகக் கேள்வி. அதனால் சுமங்கலிப் பதவிக்கு ஆபத்தில்லை. புருஷன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் விதி. வீட்டில் இருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை.

சாமி மாறினால் சங்கதி மாறும் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை மண்டபத்திலிருந்து யாகப்பம்மாள் என்கிற வேதக்கார அம்மா, மகன் கல்யாணத்துக்குச் சுகந்தியை அழைத்துப் போனார். தாளின் தலையில் ஒரு சிலுவையைப் போட்டுக் கையில் கொடுத்தார்.

"நம்ம பக்கம் இந்த மூடநம்பிக்கையெல்லாம் கெடையாது தாயி. நீ தாராளமா எழுது."

சுகந்தி சந்தோஷமாக ஒன்று என்று எண் போட்டாள்.

"மொத வரிய மட்டும் ஆன்சி எழுதட்டும்" என்றார் யாகப்பம்மாள். ஆன்சி அவருடைய மூத்த மருமகள். "ஒரு இதுக்குத்தான்."

அந்த 'ஒரு இது' எது என்று வேதாகமத்தில் தேடினாலும் கிடைக்காது.

சதக் கடையில் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்ட லிஸ்டும் வரும். சிலுவை போட்டதும் வரும். அவர் சொந்தக்காரர்கள் 786 போட்டு அனுப்புவதும் வரும். "தலையில எதப் போட்டாலும் தராசு ஒண்ணுதேன்" என்பார் அவர். இரண்டில் தொடங்கும் தாள் வந்தால் அது சுகந்தியுடையது என்று அவருக்குத் தெரியும். முதல் வரியில் எழுத்து இருக்கிறதா, இல்லையா என்று பார்க்கவே மாட்டார். மஞ்சளைக் கட்டிவிட்டுத்தான் கண்ணாடியைப் போடுவார்.

அவர் இல்லாத நாளில்தான் வினை வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், மிளகாய்க்காட்டு முதலாளி சேதுராமன் வீட்டில் கல்யாணம். அறுநூறு பேருக்குச் சாப்பாடு. சுகந்தி வழக்கப்படி முதல் வரியை விட்டு எழுதிக் கொடுத்தாள். சேதுராமன் மனைவிக்கு உலகம்மாள் போதவில்லை. புருஷன் ஓடிப்போனவள் அரைச் சுமங்கலிதான் என்பது அந்த அம்மாளின் ஆராய்ச்சி முடிவு. ஆகவே மதுரையிலிருந்து தங்கையை வரவழைத்தார். காலண்டரில் நல்ல நேரம் பத்தரைக்கு. சரியாகப் பத்தரைக்குத் தங்கை கிழக்கே பார்த்து உட்கார்ந்து, '1. மஞ்சள்' என்று எழுதினார். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஆனால் சேதுராமனின் மகன் ஒன்பது மணிக்கே அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான்.

அன்று சதக் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். கடையில் அவர் மருமகள் அஸ்பியா. கீழக்கரையிலிருந்து வாழவந்து ஒரு மாதமே ஆன பெண். கடைக்கு அதுதான் முதல் நாள். போட்டோவைப் பார்த்தவள் ஒரு குரல் செய்தி அனுப்பினாள்: "மொத வரியில ஒரு கிலோன்னு மட்டும் இருக்கு, என்ன சாமான்னு இல்லையே?" மகன் அதைக் கேட்காமலேயே கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினான். அஸ்பியா யோசித்தாள். கல்யாண லிஸ்டில் எல்லாவற்றுக்கும் முதலில், பெயரே எழுதத் தேவையில்லாத அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்த சாமான் எதுவாக இருக்கும்? அவள் பிறந்த வீட்டில் எந்த நல்ல காரியமும் சீனி வைத்து ஓதித்தான் தொடங்கும். ஒரு கிலோ சீனியைத் தனியாகக் கட்டி மூட்டையின் மேல் வைத்தாள்.

கல்யாணத்தன்று விடிவதற்கு முன் சாம்பாருக்கு மஞ்சள்தூள் தேடிய சமையல்காரர் கையில் சீனி அகப்பட்டது. கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. அக்கம்பக்கத்து அஞ்சறைப் பெட்டிகளை உதறியதில் கிடைத்தது தாலிக் கயிற்றுக்கும் அட்சதைக்கும் சரியாகப் போனது. சாம்பார் சோகை பிடித்த நிறத்தில் பந்திக்கு வந்தது. ருசி குறையவில்லை, மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டவர்கள் உண்டு. இருந்தாலும் அது 'வெள்ளைச் சாம்பார்க் கல்யாணம்' ஆகிவிட்டது.

பழி யார் மேல் விழுந்தது? போட்டோ எடுத்தவன் மேலா? பத்தரை மணிக்குக் காத்திருந்தவர்கள் மேலா?

"முண்டச்சி கைபட்ட தாளு. வெளங்குமா?" என்றார் சேதுராமன் மனைவி.

சுகந்தி நேரில் போய்ச் சொன்னாள்: "ஆத்தா, மஞ்சளுக்கு நான் எடம் விட்டேன். நீங்கதேன் எழுத்த விட்டீக."

நியாயம் அவள் பக்கம் இருந்தது. அதனால்தான் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குக் கல்யாண லிஸ்ட் வருவது நின்றது. கருமாதிகள் மட்டும் வந்தன. அந்தக் கல்யாணத் தம்பதிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. அதற்கு மட்டும் சுகந்தியின் கை காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

இந்த நிலையில் ஜோதிகாவின் கல்யாணம் வந்தது. ஜோதிகா ராமநாதபுரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வசந்தகுமார் மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். ஒரே பஸ்ஸில் போய் வந்து தாங்களாகவே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம். தடை சொல்ல யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முத்துராக்குவுக்கு மட்டும் கிடைத்தது. அவர் வெள்ளைச் சாம்பாரை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டவர்களில் ஒருவர்.

"சம்மந்தி தப்பா நெனைக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் நல்லது எதையும் சொன்னதில்லை. "கல்யாண லிஸ்ட சுமங்கலிகளே முழுசா எழுதட்டும். நீங்க ரெண்டுல இருந்துங்கூட எழுத வேணாம்."

ஜோதிகா கொதித்தாள். "எங்கம்மா லிஸ்டு எழுதாத கல்யாணம் எனக்கு வேணாம். நான் அவருகிட்டச் சொல்லிர்றேன்."

"புளி மொளகாய்க்காக மாப்பிள்ளைய விடுவியாடி? அவன் நல்லவன்" என்றாள் சுகந்தி. "எழுதட்டும். நான் வேடிக்க பாக்குறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் சுகந்தியின் வீட்டிலேயே ஐந்து சுமங்கலிகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் முத்துராக்கு. சுகந்தி வாசல் நிலைப்படியில் உட்கார்ந்து வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். உலகம்மாள் பேனாவை வாங்கிக் கிழக்கே பார்த்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, 'மஞ்சள்' என்று எழுதி முடித்தாள். தன் பணி முடிந்தது என்று பேனாவைக் கீழே வைத்தாள்.

"எழுதுங்க மதினி, அடுத்து பருப்பு" என்றார் முத்துராக்கு.

"பருப்பெல்லாம் எனக்கு வராது. நான் மஞ்சளுக்கு மட்டுந்தேன்."

பேனா கை மாறியது.

"பருப்பு எத்தன கிலோ?"

"எங்க வீட்டுல ஆறு பேருக்கு முக்காப்படி போடுவோம்."

"ஐந்நூறு பேருல எத்தன ஆறு இருக்கு?"

"அதுல கொழந்தைக இருக்குமே."

"ஏத்தா சுகந்தி, புளி எம்புட்டு?"

சுகந்தி மிளகாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கென்ன தெரியும்? நான் வாயத் தொறந்தாப் புளி தாலியறுத்துரும்."

உள்ளே ஜோதிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து லிஸ்ட் முடிந்தது. இந்த முறை முதல் வரி நிரம்பியிருக்கிறதா என்று நாலு பேர் பார்த்த பிறகே போட்டோ எடுத்து அனுப்பினார்கள்.

பத்து நிமிடத்தில் சதக் கூப்பிட்டார். ஜோதிகா வேண்டுமென்றே ஸ்பீக்கரைப் போட்டாள்.

"யாரும்மா இது எழுதுனது? பெருங்காயம் இருவது கிலோ போட்டிருக்கு. ஒரு மாவட்டத்துக்கே வாயுத் தொல்ல தீந்துரும். கடுகு ரெண்டு மூட்ட. மிளகு கெடையாது. மொத்த லிஸ்டுலயும் உப்பு இல்ல."

முத்துராக்கு போனுக்கு அருகே குனிந்தார். "பாய், அது சுமங்கலிக சேந்து எழுதுன லிஸ்டு."

"சந்தோசம்மா. சாப்புடப் போறது யாரு?"

போன் வைக்கப்பட்டது. வாசலில் சுகந்தி அடுத்த மிளகாயின் காம்பைக் கிள்ளினாள். உப்பில்லாக் கல்யாணம் என்று பெயர் வாங்கினால் அது மாப்பிள்ளை வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்பது முத்துராக்குவுக்கு மெல்ல உறைத்தது.

"சரி சம்மந்தி, வழக்கம்போல நீங்களே எழுதிருங்க. ரெண்டுல இருந்து."

"ஒண்ணுல இருந்துன்னா எழுதுறேன்" என்றாள் சுகந்தி.

"அதெப்படி? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப வழக்கத்தையே புளி எம்புட்டுன்னு கேளுங்க."

முத்துராக்கு உலகம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மதினி. ஒங்க தம்பி பொண்டாட்டிதான. நல்ல காரியத்துக்கு எந்தக் கை எழுதணும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

உலகம்மாள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். மை ஒட்டியிருந்தது.

"என் புருசன் பதினோரு வருசமா என்னையத் திரும்பிப் பாக்கல. என் கை நல்ல கை" என்றாள். "என் தம்பி சாகுற அன்னைக்குக் காலையில, இவ கையால கஞ்சி குடிச்சுட்டுத்தேன் டிராக்டருல ஏறுனான். இருந்த வரைக்கும் இவளவிட்டு ஒருநாள் தங்குனதில்ல. இவ கை கெட்ட கை. இது என்ன கணக்கு சம்மந்தி? நான் படிக்காதவ. நீங்க வெளக்கமாச் சொல்லுங்க."

'அது அப்படித்தான்' என்று சொல்லக்கூட மற்றவர்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. உலகம்மாள் தான் மஞ்சள் என்று எழுதிய தாளை எடுத்துப் பொட்டலமாகச் சுருட்டி, மிளகாய்க் காம்பைக் கூட்டி அள்ளி அதில் கொட்டினாள்.

முத்துராக்கு எழுந்து சேலையை உதறினார். "எழுதட்டும். வெளியில யார்ட்டயும் சொல்லிக்கிற வேணாம்."

மனிதர்கள் திருந்துவதற்கு இந்த அளவுதான் வழி கிடைக்கும்போலும். சுகந்தி அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜோதிகா புதுத் தாள் கொண்டுவந்தாள். சுகந்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராகு காலம் தொடங்கியிருந்தது. ஒருத்தி வாயெடுத்தாள், உலகம்மாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். சுகந்தி '1' என்று போட்டாள். புள்ளி வைத்தாள். பேனா அங்கேயே நின்றது.

ஊருக்கெல்லாம் எழுத்துப் பிழை திருத்தியவள். பதினான்கு வருடமாக நல்ல காரியத்துத் தாளில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதாத கை. மஞ்ச வரை வந்தது. அதற்கு மேல் அவளுக்கு ஓடவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மதினி, மஞ்சளுக்கு எந்த 'ல்'?"

உலகம்மாளுக்கு வாழ்நாளில் முதல் முறையாக ஓர் எழுத்தைப் பற்றி ஒருத்தி சந்தேகம் கேட்கிறாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குண்டு 'ள்'ளுடி. இதுகூடத் தெரியாம என்னத்தப் படிச்ச?"

சுகந்தி குண்டு 'ள்' போட்டாள். அதன் பிறகு துவரம்பருப்பிலிருந்து வாழையிலை வரை நாற்பது நிமிடத்தில் எழுதி முடித்தாள். தாய்மாமன் முந்திரி அரைக் கிலோவையும் மறக்கவில்லை.

சதக் மறுபடியும் கூப்பிட்டார். "கையெழுத்து ஒன்னோடதுதேன். ஆனா ஒண்ணுல ஆரம்பிக்குதேம்மா. யார் வீட்டுலயும் எழவு கிழவு இல்லையே?"

"இல்ல பாய். எம்மக கல்யாணம்."

வெளியில் சொல்ல வேண்டாம் என்றது மறுநாள் விடிவதற்குள் உத்தரகோசமங்கை வரை போய்விட்டது. கொண்டுபோனவள் உலகம்மாள். கல்யாணத்தில் சாம்பார் மஞ்சளாக இருந்தது, உப்பும் இருந்தது. முத்துராக்கு இந்த முறையும் மூன்று தடவை வாங்கினார். ஜோதிகாவும் வசந்தகுமாரும் இப்போது மண்டபத்தில் குடியிருக்கிறார்கள். போன வாரம் இருவருக்கும் பெரிய சண்டை. அவள் லிஸ்டில் கொத்தமல்லி என்று எழுதி அனுப்ப, அவன் தழைக்குப் பதில் விதையை வாங்கி வந்துவிட்டான். மற்றபடி நன்றாக இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் சேதுராமன் வீட்டில் அந்த இரட்டைப் பேரப்பிள்ளைகளுக்குக் காதுகுத்து. லிஸ்ட் எழுத ஆள் அனுப்பினார்கள். "ஒண்ணுல இருந்துன்னா வாரேன்" என்று சொல்லி அனுப்பினாள் சுகந்தி. அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். காதுகுத்துக்கு நாள் நெருங்குகிறது. புளி எவ்வளவு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.